ஏட்டை வினவும் முறை

(சங்கத்தின் மாதக் கூட்டத்திற் புளியங்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியராகிய யாம் கணினியைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களிற் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். இலக்கணம் கூறும் வாய்க்கு இயந்திரம் கூறும் வேலை ஏன் என்று வினவுவாரும் இருக்கலாம். யாம் இன்று பேசப் புகுந்தது இயந்திரத்தைப் பற்றியதன்று. ஒரு மொழியைப் பற்றியது. அம்மொழிக்குச் சொல் உண்டு, தொடர் உண்டு, தொடரமைக்கும் விதி உண்டு, விதி பிறழ்ந்தால் விளையும் கேடும் உண்டு. ஆதலின் இஃது எம் தொழிலின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. அதன் பெயர் எஸ்.கியூ.எல். என்பது. வினவல் மொழி என நாம் வழங்கலாம். கணினியில் ஏற்றிய ஏடுகளைக் கேள்வி கேட்டு, வேண்டிய பதிவுகளை மட்டும் பிரித்தெடுப்பதற்கென்றே அமைந்த மொழி அது.

இப்பொருளை இப்பொழுது எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் குடும்பப் பதிவேடு கணினியில் ஏற்றப்பெற்று வருகின்றது. இனிப் பிள்ளைகட்குரிய கல்வி உதவியை அப்பதிவேட்டை வினவியே அளிப்பதெனச் செயற்குழு கருதியுள்ளது. நல்ல கருத்தே. ஆனால், அன்று முதல் எவ்வீட்டுப் பிள்ளைக்கு உதவி சேரும், எவ்வீட்டுப் பிள்ளைக்குச் சேராது என்பதை ஒரு வரி வினா தீர்மானிக்கும். அவ்வரியை எழுதுவார் ஒருவராக இருக்கலாம். அதனைப் படித்துப் பார்த்து, இது சரி, இது பிழை என்று சொல்ல வல்லார் பலராதல் வேண்டும். இதுவே யாம் இன்று வற்புறுத்தும் ஒரே கருத்து.

ஏடும் வினாவும்

ஏடு எழுதுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று நானூறு தளிச்சேரிப் பெண்டிரைக் குறித்துள்ளது. ஒவ்வொருவரும் எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருந்தார், அவர் பெயர் யாது, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார் என்பனவெல்லாம் முறை பிறழாது பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பங்கிற்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் என்பதும் அங்கே உள்ளது. தெரு, சிறகு, வீடு, பெயர், முன்னை ஊர் என்பன மேலிருந்து கீழாகச் செல்லும் நிரல்கள்; ஒவ்வொரு பெண்ணும் இடமிருந்து வலமாகச் செல்லும் ஒரு நிரை. இக்காலத்தார் தரவுத்தளம் என்று கூறுவதன் உருவம் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லில் இருந்தமை காண்க.

ஆனால் அச்சுவர் முன் நின்று, திருவாரூரிலிருந்து வந்தோர் எத்துணையர் என்று ஒருவர் கேட்பின், சுவர் விடை தாராது. அவரே முதல் வீடு தொட்டு நானூறாம் வீடு வரை படித்து, விரல் மடக்கி எண்ணல் வேண்டும். ஏடு உண்டு, வினாவிற்கு விடை தரும் வழி இல்லை.

நம் ஊர் நிலக்கணக்குகளும் அத்தகையனவே. ‘அ’ பதிவேடு என்பது புல எண் வரிசையில் எழுதப்படுவது. இந்தப் புலம் யாருடையது, அதன் பரப்பு யாது, தீர்வை யாது என்னும் கேள்விக்கு அது விடை கூறும். சிட்டா என்பது பட்டா வரிசையில் எழுதப்படுவது. இந்தப் பட்டாதாரர்க்கு எந்தெந்தப் புலங்கள் உள என்னும் கேள்விக்கு அது விடை கூறும். அடங்கல் என்பது எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பதைக் கூறும். ஒரே செய்தியை ஏன் பல ஏடுகளில் திரும்பத் திரும்ப எழுதினார்கள்? காகித ஏடு எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த ஒரு வினாவிற்கே எளிதில் விடை தரும். வினா மாறினால் ஏடும் மாறல் வேண்டும். இதுவே காரணம்.

தன் தந்தையார் பெயரில் எத்துணைப் புலம் உளது என்று அறிய விரும்பியவன், அக்காலத்தில் கர்ணத்தின் திண்ணையிற் காத்திருந்தான். கர்ணங்களுள் நேர்மையாளர் பலர் இருந்தனர். எனினும் ஏடும் அவரிடமே. ஏட்டில் தேடும் வழியும் அவர்க்கே தெரியும். 1980 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அப்பழைய கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பெற்றன. அவ்விடத்திற்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தனர். பின்னர் நிலக்கணக்குகள் கணினியேறின. இன்று நீவிர் அரசின் மின்சேவைப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ இட்டால் உரிய பதிவு கண்முன் வருகின்றது. நீவிர் செய்தது யாது? பல்லாயிரம் நிரைகளுள், மாவட்டம் இன்னது, வட்டம் இன்னது, கிராமம் இன்னது, புல எண் இன்னது என்னும் நான்கும் ஒருங்கே பொருந்தும் நிரையை மட்டும் தருக என்று வினவியதே. வினவல் மொழியின் பெயர் அறியாமலே அதன் வேலையைச் செய்துவிட்டீர்கள்.

மொழி பிறந்த வரலாறு

மேனாட்டிலும் இவ்விடர் இருந்தது. 1960களில் கணினியிலுள்ள தரவைத் தேட விரும்பினால், அது எவ்விடத்தில் எவ்வழியிற் கோக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்த ஒருவர் அவ்வழியை அடி அடியாக எழுதித் தருதல் வேண்டும். அவரே அந்நாட்டுக் கர்ணம் எனலாம். இங்கிலாந்திற் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர், 1970 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவு முழுவதையும் நிரையும் நிரலுமாகிய எளிய பட்டிகளாக வைத்துவிடின், கேட்போர் தமக்கு வேண்டுவது யாது என்பதை மட்டும் கூறினாற் போதும். அதனைத் தேடும் வழியைக் கணினியே வகுத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். இதன் பொருட்டு அவர் 1981 ஆம் ஆண்டில் டூரிங் பரிசு பெற்றார்.

அக்கருத்திற்கு ஏற்ற மொழியை அந்நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கணித நூலறியாதவரும் எழுதும்படி இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பாய்ஸ் அவ்வாண்டிலேயே இளமையில் மறைந்தார். முதலில் சீக்வெல் என்று பெயரிட்டனர். அப்பெயர் பிறிதொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்தமையின் எஸ்.கியூ.எல். எனச் சுருங்கிற்று. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிறுவனமும், 1987 ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தர அமைப்பும் இம்மொழியை ஏற்று விதி வகுத்தன. கணினி உலகில் ஐம்பது ஆண்டு என்பது நெடுங்காலம். அன்று தோன்றியவற்றுட் பல மறைந்தன; இம்மொழி இன்றும் உலகெங்கும் வழக்கில் உளது.

தொடரிலக்கணம்

இனி மொழிக்குள் நுழைவோம். கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டெழுதுதல் வேண்டும். இங்கே படிப்போர் எளிமை கருதி அவற்றின் ஒலியைத் தமிழ் எழுத்திற் காட்டுகின்றோம். பட்டிக்கும் நிரலுக்கும் இடும் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ஒரு தொடர் இது:

செலக்ட் பெயர், தொழில் ஃப்ரம் உறுப்பினர் வேர் ஊர் = 'புளியங்குடி';

செலக்ட் என்பது ‘தேர்க’ என்னும் ஏவல். எந்த நிரல்கள் வேண்டும் என்பது அதன்பின் வரும். ஃப்ரம் என்பது நம் ஐந்தாம் வேற்றுமையின் நீக்கப்பொருள். உறுப்பினர் என்னும் பட்டியினின்று என்பதாம். வேர் என்பது ‘இன்னது பொருந்துமிடத்து’ என்னும் வரையறை. எழுத்தாலாகிய செய்தியை ஒற்றை மேற்கோட் குறிக்குள் வைத்தல் வேண்டும். கணக்கிடும் எண்ணிற்கு அது வேண்டா. இறுதியில் உள்ள அரைப்புள்ளி தொடர் முடிந்தமை காட்டும். எல்லா நிரலும் வேண்டின் செலக்ட் என்பதன்பின் ஓர் உடுக்குறி இட்டால் அமையும்.

இதனைத் தமிழிற் சொல்லுங்கால், ‘உறுப்பினர் பட்டியினின்று, ஊர் புளியங்குடியாக உள்ளோரின், பெயரையும் தொழிலையும் தருக’ என்போம். ஆங்கில முறைப்படி வினைச்சொல் முதலில் நிற்பினும், கணினி பொருள் கொள்ளும் முறை வேறு. முதலிற் பட்டியை எடுக்கும். அடுத்து வரையறை கொண்டு நிரைகளை வடிகட்டும். இறுதியிலேயே வேண்டிய நிரல்களைத் தேரும். எழுதுவது ஆங்கில வரிசை; பொருள் கொள்வது தமிழ் வரிசை. எம் மாணவர்க்கு இதனைச் சொன்ன அளவில் அச்சம் நீங்கி விடுகின்றது.

நன்னூலார் வினாவை அறுவகையாக்குவர். அவற்றுள் ஏவல் வினா என்பது கேள்வி வடிவில் நின்று கட்டளை இடுவது. வினவல் மொழியோ அதற்கு மறுதலை. கட்டளை வடிவில் நின்று கேள்வி கேட்பது. அதன் உட்கருத்தை நோக்கின், ஒரு பொருளைப் பெறும் பொருட்டுக் கடைக்காரரிடம் ‘இது உளதோ’ எனக் கேட்கும் கொளல் வினாவோடு ஒக்கும் எனலாம்.

வடிகட்டுதல்

நம் ஊர் எலுமிச்சைச் சந்தையிற் குவியலைப் பரப்பி, பருமனும் நிறமும் நோக்கிக் காய் பிரிப்பாரை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அவர் கைக்கு ஒரு விதி உண்டு. விதிக்கு ஒத்தது ஒரு பக்கம், ஒவ்வாதது மறு பக்கம். வேர் என்னும் சொல் செய்வதும் அதுவே. விளக்கத்தின் பொருட்டு ஆறு நிரை கொண்ட ஒரு கற்பனைப் பட்டியை அமைப்போம். பெயர், ஊர், தொழில், ஆண்டு வருமானம் என நான்கு நிரல்கள்.

1. சண்முகவேல் — புளியங்குடி — எலுமிச்சை வணிகம் — 300000
2. கோமதி — புளியங்குடி — தையல் — 60000
3. மாடசாமி — வாசுதேவநல்லூர் — உழவு — 90000
4. முப்பிடாதி — புளியங்குடி — பீடி சுற்றுதல் — (எழுதப்படவில்லை)
5. வேலம்மாள் — சொக்கம்பட்டி — உழவுக்கூலி — 84000
6. இசக்கி — சங்கரன்கோவில் — விசைத்தறி — 120000

மேற்கூறிய முதல் வினாவை இப்பட்டியில் இட்டால், சண்முகவேல், கோமதி, முப்பிடாதி என மூவர் வருவர். இரு வரையறைகளும் ஒருங்கே பொருந்தல் வேண்டின், இடையில் ஆண்ட் என்னும் சொல்லை இடுக:

செலக்ட் பெயர் ஃப்ரம் உறுப்பினர் வேர் ஊர் = 'புளியங்குடி' ஆண்ட் வருமானம் < 100000;

இதற்குக் கோமதி ஒருவரே விடை.

இங்கே தமிழர்க்கு ஓர் இடர் உண்டு. ‘புளியங்குடியிலும் சொக்கம்பட்டியிலும் உள்ளோரைத் தருக’ என்று நாம் பேசுகின்றோம். எண்ணும்மை இருப்பதனால் ஆண்ட் என்று மொழிபெயர்த்துவிடின், விடை வெறுமையாக வரும். ஏனெனிற் கணினி ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே நிறுத்தி, உன் ஊர் புளியங்குடியா, அதே வேளையிற் சொக்கம்பட்டியுமா என்று கேட்கும். ஒரு நிரைக்கு ஊர் ஒன்றே. எனவே அங்கே வேண்டுவது ‘அல்லது’ என்னும் பொருள்படும் ஆர் என்னும் சொல். நம் பேச்சில் ‘உம்’ கூட்டிச் சேர்க்கும். வினவல் மொழியில் ஆண்ட் வடிகட்டிக் குறைக்கும். இதனை மறவாமை வேண்டும்.

ஆண்ட், ஆர் இரண்டும் ஒரு தொடரிற் கலந்தால் இன்னும் விழிப்பு வேண்டும். இரண்டு ஊரிலும் வருமானம் ஓர் இலட்சத்திற்குக் குறைந்தோரை வேண்டி ஒருவர் இவ்வாறு எழுதினார் என்க:

வேர் ஊர் = 'புளியங்குடி' ஆர் ஊர் = 'சொக்கம்பட்டி' ஆண்ட் வருமானம் < 100000

கணினி ஆண்ட் என்பதையே முதலிற் பிணைக்கும். ஆகவே வருமான வரையறை சொக்கம்பட்டிக்கு மட்டும் ஆயிற்று. புளியங்குடியார் அனைவரும் வரையறையின்றி நுழைந்தனர். மூன்று இலட்சம் வருமானமுள்ள சண்முகவேலும் உதவி பெறுவோர் வரிசையில் நிற்கின்றார்! அவர்மேற் குற்றம் யாதும் இல்லை. பிறை அடைப்பு இடாதார்மேலதே குற்றம்.

வேர் (ஊர் = 'புளியங்குடி' ஆர் ஊர் = 'சொக்கம்பட்டி') ஆண்ட் வருமானம் < 100000

என எழுதின், கோமதியும் வேலம்மாளும் வருவர். செய்யுளைப் பிரிக்கும் இடத்திற் பிரியாது படித்தாற் பொருள் கெடுவது போன்றதே இதுவும். உதவித்தொகை கொடுக்கும் சபையில் அஃது உரைகாரர் வழக்காக முடியாது. ஒரு பிள்ளையின் கட்டணமாக முடியும்.

பெயரும் எழுத்தும்

சம அடையாளம் எழுத்துக்கு எழுத்து ஒத்ததையே ஏற்கும். ஒருவர் சங்கரன்கோவில் என்றும், ஒருவர் சங்கரன்கோயில் என்றும், முதியவர் ஒருவர் சங்கரநயினார்கோயில் என்றும் எழுதுவர். நமக்கு ஊர் ஒன்று, கணினிக்கு மூன்று. சொக்கம்பட்டி என்பதன் முதலெழுத்தைக் கணினிக்குள் இரு வகையாக எழுதக்கூடும். சகரத்தின்பின் ஒகரக்குறியை ஒரே குறியீடாக இடலாம், எகரக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் எஸ்கியூலைட் முதலிய அமைப்புகள், தாமாக அவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை.

மாவட்டப் பெயரும் அத்தகையதே. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பு எழுதிய பதிவுகளில் நம் ஊர் திருநெல்வேலி மாவட்டம். மாவட்டம் தென்காசி என்று மட்டும் வினவின், பழைய குடும்பங்கள் அனைத்தும் ஓசையின்றி விடுபடும். ஆகவே வடிகட்டுமுன் ஏட்டில் உள்ளவற்றை அறிதல் வேண்டும்:

செலக்ட் டிஸ்டிங்க்ட் ஊர் ஃப்ரம் உறுப்பினர்;

இத்தொடர், வந்த பெயரே மீண்டும் வாராமல், ஊர்ப்பெயர்களை எல்லாம் காட்டும். எத்துணை வகையாக எழுதியுள்ளோம் என்பது அப்பொழுதே வெளியாகிவிடும். ஒரு பொருட்குப் பல பெயர் இருப்பின், இன் என்னும் சொல்லின்பின் அடைப்புக்குள் அவற்றை அடுக்கலாம். பெயரின் தொடக்கம் மட்டும் தெரியின், லைக் 'மு%' என எழுதலாம். முகரத்திற் தொடங்கும் பெயர்கள் வரும். லைக் 'ம%' என்றாலோ, மாடசாமியும் முப்பிடாதியும் சேர்ந்தே வருவர். கணினி உயிர்மெய்யை மகரமும் குறியுமாகப் பிரித்தே வைத்திருப்பதனால் என்க.

வரிசைப்படுத்த ஆர்டர் பை என்பது உண்டு. எண்ணுக்கு அது பிழையின்றி இயங்கும். தமிழ்ப் பெயர்க்கோ குறியீட்டெண் வரிசையே தாமாக அமையும். நம் நெடுங்கணக்கு வரிசையன்று. நம் முறையிற் கமலம் முன், கனகம் பின். குறியீட்டெண் வரிசையிற் கனகம் முன் நிற்கும். தமிழ் அகரவரிசையைத் தனியே அமைத்துக்கொள்ளும் வசதி பெரிய அமைப்புகளில் உண்டு.

வெற்றிடம் சுழியன்று

இனி யாம் கூறப்போவதே இச்சொற்பொழிவின் உயிர். வருமானம் ஓர் இலட்சத்திற்குக் குறைந்தோர் யாவர் என்று வினவுவோம்:

செலக்ட் பெயர் ஃப்ரம் உறுப்பினர் வேர் வருமானம் < 100000;

கோமதி, மாடசாமி, வேலம்மாள் என மூவர். சரி. ஓர் இலட்சமும் அதற்கு மேலும் உள்ளோர் யாவர்? சண்முகவேல், இசக்கி என இருவர். மூன்றும் இரண்டும் ஐந்து. பட்டியில் உள்ளோரோ அறுவர்! ஆறாமவர் எங்கே?

முப்பிடாதியின் வருமான நிரல் வெற்றிடம். கணக்கெடுப்பார் சென்ற நாளில் அவர் பீடிக் கடைக்குப் போயிருக்கலாம். வாரந்தோறும் மாறும் கூலியை ஆண்டுக் கணக்காகச் சொல்லத் தெரியாதிருக்கலாம். எவ்வாறாயினும் அவ்விடம் எழுதப்படவில்லை. இவ்வெற்றிடத்தை வினவல் மொழி நல் என்று கூறும். அது சுழியன்று. சுழி என்பது ‘வருமானம் இல்லை’ என்னும் அறிவு; நல் என்பது ‘தெரியாது’ என்னும் அறியாமை. தெரியாதது இலட்சத்திற்குக் குறைவா? தெரியாது. மிகுதியா? அதுவும் தெரியாது. உண்மை, பொய், தெரியாது என மூவகை விடை இம்மொழியில் உண்டு. வேர் என்னும் வாயில் ‘உண்மை’ என்பதற்கு மட்டுமே திறக்கும். பொய்க்கும் திறவாது, தெரியாததற்கும் திறவாது. எனவே முப்பிடாதி ஏழையர் வரிசையிலும் இல்லை. செல்வர் வரிசையிலும் இல்லை. ‘குறைவல்லாதோர்’ என்று நாட் என்னும் எதிர்மறைச் சொல்லை இட்டுக் கேட்பினும் வாரார்.

பிழை என்று கணினி ஒரு சொல்லும் கூறாது. பட்டியல் அழகாக அச்சாகும்; மூவர் பெயரும் சரியாகவே இருக்கும். படிப்போர்க்கு ஐயம் எழாது. அவ்வீட்டுப் பிள்ளையின் பெயர் இல்லாமை அவ்வீட்டாரன்றி வேறு யாருக்கும் தெரியாது. உலகில் எவ்வீட்டுச் செய்தி ஏட்டில் எழுதப்படாது விடுபடுகின்றது? வந்து கேட்க ஆளில்லாத வீட்டது. எழுதத் தெரியாதார் வீட்டது. பகலெல்லாம் கூலிக்குச் சென்றார் வீட்டது. உதவிக்கு மிக உரியார் யாரோ, அவரே வெற்றிடமாக நிற்கின்றார். அவரையே வடிகட்டி முதலில் உதறுகின்றது.

இதற்கு மருந்து எளிது; மூன்று சொல்லுவோம். முதலாவது, எண்ணிப் பார்த்தல். கவுண்ட்(*) என்பது நிரைகளை எண்ணும். கவுண்ட்(வருமானம்) என்பது வருமானம் எழுதப்பட்ட நிரைகளை மட்டும் எண்ணும். நம் பட்டியில் முன்னது ஆறு, பின்னது ஐந்து. இரண்டும் ஒவ்வாவிடின் வெற்றிடம் உண்டு என்று அறிக. இரண்டாவது, வெற்றிடத்தைப் பெயர் சொல்லி அழைத்தல். வருமானம் = நல் என்று எழுதினால் ஒருவரும் வாரார்; தெரியாததும் தெரியாததும் சமமா என்பதும் தெரியாததே. ஈஸ் நல் என்று கேட்டல் வேண்டும்:

செலக்ட் பெயர், ஊர் ஃப்ரம் உறுப்பினர் வேர் வருமானம் ஈஸ் நல்;

இப்பொழுது முப்பிடாதி வருகின்றார். மூன்றாவது, அப்பட்டியலைக் கையிற் கொண்டு அவ்வீட்டிற்கு நடந்து செல்லுதல். இது கணினி செய்யும் வேலையன்று. சங்கம் செய்யும் வேலை. இவ்வேலை முடியும் வரை, உதவிக்குரிய பட்டியல் எதனையும் முடிந்த பட்டியலாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும் என்று செயற்குழுவினரைப் பணிந்து கேட்டுக்கொள்கின்றோம்.

வேண்டுவது மட்டும்

மற்றொரு விண்ணப்பமும் உண்டு. உடுக்குறி இட்டு எல்லா நிரலையும் கேட்பது எளிது. ஆனால் உதவி பெறுவோர் பெயரைச் சங்கப் பலகையில் ஒட்டும்பொழுது, அவர் வருமானமும் தொலைபேசி எண்ணும் அதிற் காணவேண்டுவது ஏன்? வேண்டிய நிரலை மட்டும் தேர்தல் மொழிநடைக்கு மட்டுமன்றி நடத்தைக்கும் அழகு. பிறர் செய்தியை மின்வழியிற் காப்போர்க்குக் கடமை வகுத்து 2023 ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. வறுமையைப் பலகையில் ஒட்டும் உதவி, உதவியாகாது.

கற்கும் வழி

இவையெல்லாம் கற்கப் பெரும்பொருள் வேண்டுமோ என அஞ்சற்க. எஸ்கியூலைட் என்னும் அமைப்பை ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அஃது யார்க்கும் உரிமைத் தடையின்றி, விலையின்றிக் கிடைப்பது. உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசி தொடர்பு எண்களை அதிலேயே வைத்துள்ளது. ஒரு பெயரைத் தேடும்போதெல்லாம் உங்கள் பொருட்டு ஒரு வினா அங்கே நிகழ்கின்றது. நம் மாநிலத்தில் 2019 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூலில் இம்மொழிக்கென ஓர் இயலே உளது. தமிழ்வழியிற் படிக்கும் பிள்ளையும் கற்கலாம். தேர்வுக்கு மனனம் செய்து விடும் பாடமாக அதனைக் கருதாது, நம் சங்கப் பதிவேட்டைப் போன்ற ஒரு சிறு பட்டியை அமைத்து, ஆறு நிரையிலேனும் வினவிப் பழகுக. விடையை முன்னரே விரல்விட்டு எண்ணிக்கொண்டு, பிறகு கணினியைக் கேட்டு, இரண்டும் ஒக்கின்றனவா என்று பார்க்க. இதனினும் நல்ல ஆசிரியர் இல்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். இம்மொழியைக் கற்பதற்கு ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்னும் வேறுபாடு வேண்டா. வீட்டுப் பற்றுவரவை ஒரு காசு பிசகாது வைத்திருக்கும் தாய்மார் நம் ஊரில் எத்துணையர்! அவர்தம் பெண்மக்கள் இதிற் பின்னடைவர் என்று சொல்லுவார் கணக்கும் அறியார், பெண்மக்களையும் அறியார். பதிவேட்டை ஆளும் குழுவில் இளம்பெண்கள் இருவரேனும் இடம் பெறுதல் வேண்டும் என்பது எம் கருத்து. வெற்றிடமாக விடுபட்ட வீடுகள் யாவை என்பது ஆடவரினும் மகளிர்க்கே நன்கு தெரியும்.

அன்பர்களே! ஏடு ஒருவர் கையிலும், அதனை வினவும் திறம் அவர் வாயிலும் இருந்த காலம் போயிற்று. ஆனால் அத்திறம் தானே நம் வாய்க்கு வந்துவிடாது, கற்றால் வரும். கல்லாது விடின், திண்ணைக்கு மாற்றாகக் கணினி முன் காத்திருப்போம், வேறுபாடு அவ்வளவே. நம் பதிவேட்டிலிருந்து வரும் பட்டியல் எதுவாயினும், அதிலுள்ள பெயர்களைப் படித்து மகிழுமுன், இதனை ஈன்ற வினா யாது, இதில் வாராதார் யாவர் என்னும் இரண்டையும் ஒருவரேனும் எழுந்து கேட்கும் சபையாக இச்சபை விளங்குக.